தொகுப்பு ஆல்பத்துக்குப் பாட்டு அனுப்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் தமிழ் ஹிப்-ஹாப்புக்கு பீட், அதாவது ராப்புக்குப் பின்னணி இசை, போடுகிறவன் நான். பழைய கூட்டணி கலைந்து, ஆளுக்கொரு வழியாகப் போய்விட்டோம். இப்போது சின்னதாக ஒரு லேபிள், அதாவது பாட்டு வெளியிடும் நிறுவனம், தொடங்கியிருக்கிறேன். முதல் வெளியீடு ஒரு தொகுப்பு ஆல்பம்: பீட்டும், குரலையும் இசையையும் கலக்கும் மிக்ஸிங்கும் பெரும்பாலும் என்னுடையவை, குரல்கள் பலருடையவை. செய்தி வெளியே போனதிலிருந்து பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், பட்டர்வொர்த் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் கேள்விகள் அதேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டு மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, தொகுப்பு ஆல்பம்னா என்ன? எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டு பாடுறதா?

இல்லை. ஆளுக்கு ஒரு பாட்டு, எல்லாம் ஒரே அட்டைக்குக் கீழே, ஒரே லேபிள் பெயரில். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் ஆல்பத்தின் பெயருக்குக் கீழே 'வேரியஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று இருக்கும். ஒவ்வொரு பாட்டிலும் அதைப் பாடியவர் பெயர்தான் இருக்கும். கடைசியில் எல்லோரும் வந்து எட்டு வரி போடும் பாட்டு ஒன்று உண்டு, அது ஒன்றுதான்.

ஹிப்-ஹாப்பில் இது பழைய வழக்கம். நியூயார்க்கின் ராக்கஸ் லேபிள் 1997இல் 'சவுண்ட்பாம்பிங்' என்ற தொகுப்பை விட்டது. லேபிளின் காது எப்படிப்பட்டது என்று ஊருக்குச் சொல்ல அதைவிடச் சுலபமான வழி இல்லை.

உங்க பேர்லயே ஒரு ஆல்பம் போட்டிருக்கலாமே ப்ரோ, ஏன் இப்படி?

நம் ஊரில் ரசிகர்கள் ராப்பரைத் தெரிந்து வைத்திருப்பார்கள், பீட் போட்டவரைத் தேட மாட்டார்கள். என் பெயரில் மட்டும் வந்தால் என் நண்பர்கள் கேட்பார்கள், அதோடு சரி. பத்துப் பேர் பாடினால் பத்துப் பேருடைய கூட்டமும் வந்து எட்டிப் பார்க்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். புது லேபிள் ஒன்று யாரையும் மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கட்டிப்போடக் கூடாது. ஒரு பாட்டு மட்டும் சேர்ந்து செய்தால் இரண்டு பக்கமும் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் சொன்ன நேரத்துக்கு வந்தீர்களா, நான் சொன்ன கணக்கைக் காட்டினேனா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய ஒப்பந்தம் பேசலாம்.

லேபிள்னு சொல்றீங்க, உண்மையிலேயே பதிவு இருக்கா, இல்ல இன்ஸ்டாகிராம் பக்கம்தானா?

நல்ல கேள்வி, எல்லா லேபிளையும் இப்படிக் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவில் வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. நாங்கள் இப்போதைக்கு இரண்டாவது வகை. செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், ஆக்குவதற்கு 1,000 வெள்ளி, அது வருமானம் வந்த பிறகு.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: எஸ்.எஸ்.எம்.மில் பெயரைப் பதிந்தால் அந்தப் பெயர் உங்கள் முத்திரையாகிவிடாது. அதற்கு மைஐப்போவில், அதாவது அறிவுசார் சொத்துக் கழகத்தில், வணிக முத்திரையாகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மேடைப் பெயரை வைத்துப் பிழைக்க நினைக்கும் ராப்பர்களுக்கும் இதே கதைதான்.

பாட்டு சேர்க்க நான் காசு கட்டணுமா?

ஒரு சல்லிக்காசு வேண்டாம். தொகுப்பில் இடம் தருகிறேன், 300 வெள்ளி கொடு என்று யாராவது கேட்டால் அவர் விற்பது இடத்தை, பாட்டை அல்ல. எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு என்ன கிடைக்கும்? சும்மா 'எக்ஸ்போஷர்'னு சொல்லாதீங்க.

சொல்ல மாட்டேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: வரிகளும் இசையும். இன்னொன்று பதிவு: ஸ்டூடியோவில் முடித்த அந்த ஒலி, நாங்கள் மாஸ்டர் என்று சொல்வது. இரண்டுக்கும் காசு வேறு வேறு வழியில் வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

மாஸ்டர் வருமானத்தில் முதலில் அந்தப் பாட்டின் மிக்ஸிங், மாஸ்டரிங் (கடைசியில் ஒலியைச் சீராக்குவது) செலவு கழியும். என்ன செலவு என்பது முன்பே தாளில் எழுதியிருக்கும், பிறகு கூட்ட முடியாது. மீதியில் பாதி லேபிளுக்கு, பாதி குரல் கொடுத்தவர்களுக்கு. லேபிளும் நானே, பீட்டும் நானே என்பதால் உங்கள் பாதியில் நான் கை வைப்பதில்லை. வெளியாள் பீட் என்றால் அவருக்கு லேபிளின் பாதியிலிருந்து போகும். பாட்டு என்ற சொத்தில் பொதுவாக இசைக்குப் பாதி, வரிகளுக்குப் பாதி. வேறு மாதிரி வேண்டுமென்றால் பேசி எழுதிக்கொள்ளலாம்.

தொகை? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்குக் காசே கணக்கில் சேரும். யாரும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம்.

ஸ்பிளிட் ஷீட், ஸ்பிளிட் ஷீட்னு சொல்றாங்களே, அது என்ன? வக்கீல் வேணுமா?

ஒரே ஒரு தாள். மேலே பாட்டின் பெயர், பதிவு செய்த தேதி. கீழே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: முழுப் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், மேடைப் பெயர், என்ன செய்தார், பாட்டில் எத்தனை விழுக்காடு, மாஸ்டரில் எத்தனை விழுக்காடு, கையெழுத்து. இரண்டு கூட்டுத்தொகையும் 100 வர வேண்டும். ஹுக்குக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிக்கு, மெட்டு சொல்லிக் கொடுத்த நண்பர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தால் அவர் பெயரும் வரும். எங்கள் வழக்கம், மைக்கைக் கழற்றி வைக்கும் முன் தாளில் கையெழுத்து. சாப்பிடப் போய்விட்டு வந்து போடலாம் என்றால் அது நடக்காது. சாப்பிடும் இடத்தில் புதுக் கணக்கு பேசப்படும்.

இந்தத் தாளுக்கு வக்கீல் தேவையில்லை. லேபிளோடு போடும் உரிம ஒப்பந்தத்தை மட்டும் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள், நான் அவசரப்படுத்த மாட்டேன். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 27, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: உரிமையை மாற்றிக் கொடுப்பதும் உரிமம் கொடுப்பதும் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. 'அவன்தான் ஓகே சொன்னான்' என்பது கோர்ட்டில் நிற்காது.

பீட்டுக்கு 500 வெள்ளி கொடுத்துட்டேன். அப்போ பீட் எனக்குத்தானே சொந்தம்?

எப்படி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே போட்டு வைத்திருந்த பீட்டைக் காசு கொடுத்து எடுத்தீர்கள் என்றால் நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் அனுமதி. அதுவும் எழுத்தில் இருந்தால்தான். சொத்து அவரிடமே இருக்கிறது.

ஆனால் 'எனக்காக இப்படி ஒரு பீட் போட்டுக் கொடுங்கள்' என்று சொல்லிச் செய்ய வைத்திருந்தால் கதை தலைகீழ். அதே சட்டத்தின் பிரிவு 26 என்ன சொல்கிறது என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, செய்யச் சொன்னவருக்கே உரிமை மாறியதாகக் கொள்ளப்படும். பீட் போடும் தம்பிகள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். அமெரிக்க யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'உரிமை எப்பவும் புரொடியூசருக்குத்தான்', அதாவது பீட் போட்டவருக்குத்தான், என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வாய்ப்பேச்சில் வேலை எடுத்தால் சொத்து கைமாறிப் போகலாம். அதைத் தடுக்க ஒரே வரி போதும்: 'பதிப்புரிமை புரொடியூசரிடமே இருக்கும், ராப்பருக்கு உரிமம் மட்டும்.' இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

யூடியூப்ல 'ஃப்ரீ'னு போட்டிருந்த டைப் பீட்ல எழுதி வச்சிருக்கேன். அனுப்பலாமா?

வரிகளை அனுப்புங்கள், பீட் வேண்டாம். டைப் பீட் என்பது பிரபலமான ஒருவரின் பாணியில் போட்டு இணையத்தில் விடும் பீட். 'ஃப்ரீ' என்று எழுதியிருப்பவர்களில் பலர் சொல்வது, காசு சம்பாதிக்காத வரை இலவசம் என்பதைத்தான். காசு கொடுத்து எடுத்தாலும் அது பெரும்பாலும் பலருக்கும் கொடுக்கும் குத்தகை உரிமம். அதே பீட்டில் இன்னும் நாற்பது பேர் பாடியிருப்பார்கள். அதில் ஒருவர் தன் பாட்டை யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் (ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைச் சொல்லும் கணினி அமைப்பு) ஏற்றிவிட்டால், உங்கள் பாட்டு அவருடையது என்று கணினி சொல்லும். தொகுப்பில் ஒரு பாட்டுக்கு இப்படி ஆனால் மொத்த ஆல்பத்தையும், பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்கு அனுப்பும் விநியோகத் தளம் நிறுத்தி வைக்கலாம். மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? உங்கள் வரிகளின் வேகத்துக்கு நான் புது பீட் போட்டுத் தருகிறேன்.

பழைய தமிழ்ப் படப் பாட்டுல நாலு செகண்டு எடுத்துப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?

கணினிக்குத் தெரியும். ஒலியின் கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலையே. 'இத்தனை செகண்டு வரைக்கும் இலவசம்' என்று ஒரு விதி நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை, யார் கிளப்பிவிட்டார்களோ.

முதலில் சொன்ன இரண்டு சொத்தும் இங்கே வரும். பழைய பதிவையே வெட்டி எடுத்தால் பாட்டின் உரிமையாளர், பதிவின் உரிமையாளர் இருவரிடமும் அனுமதி வேண்டும். அதே மெட்டை நீங்களே வாசித்தோ பாடியோ புதிதாகப் பதிவு செய்தால் பதிவுக்காரர் அனுமதி தேவையில்லை, ஆனால் பாட்டுக்கான அனுமதி அப்போதும் வேண்டும்.

'ரொம்பப் பழைய பாட்டுண்ணே, காலாவதி ஆகியிருக்கும்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1965இல் வெளிவந்த, கண்ணதாசன் எழுதி விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையமைத்த ஒரு பாட்டு என்று வையுங்கள். மலேசியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு, அது 2015 முடிவில் தீர்ந்தது. இந்தியாவில் 60 ஆண்டு, 2025 முடிவில் தீர்ந்தது. ஆகா என்று குதிக்காதீர்கள். வரிகளுக்கு எழுதியவர் மறைந்த பிறகும் இங்கே 50 ஆண்டு உரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக 2031 முடிவு வரை. இந்தியாவில் 2041 முடிவு வரை. இசைக்கு, இருவரில் கடைசியாக மறைந்தவரிலிருந்து கணக்கு: எம்.எஸ்.வி. மறைந்தது 2015, ஆக இங்கே 2065 முடிவு வரை. நம் பாட்டு பினாங்கில் மட்டும் ஓடப்போவதில்லை, சென்னையிலும் ஓடும். அதனால் இரண்டு நாட்டுச் சட்டத்தில் எது நீளமோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போ யோகி பி மட்டும் பழைய பாட்டை வச்சுப் பண்ணலையா?

செய்தார். 'நிழல்கள்' (1980) படப் பாட்டின் அடித்தளத்தில் நம் ஊர் ராப் குழுவான யோகி பி அண்ட் நட்சத்திரா 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் செய்ததைக் கேட்டுத்தான் என் தலைமுறையில் பாதிப் பேர் மைக் பிடித்தோம். ஆனால் ஒரு பாட்டு வெளியே வந்திருக்கிறது என்பதை வைத்து அதற்குப் பின்னால் யார் யாரோடு என்ன பேசினார்கள் என்று நீங்களும் நானும் முடிவு கட்ட முடியாது. அது சிடி காலம் என்பதும் நினைவிருக்கட்டும். இன்று ஏற்றிய சில நிமிடத்தில் கணினி கையை நீட்டுகிறது.

தைப்பூசத்துல பத்துமலையில என் போன்ல பிடிச்ச உறுமி மேளம் இருக்கு. நானே பதிவு பண்ணது, போடலாமா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அந்த ஒலி நம் ஊர் ஒலி. ஆனால் போனை நீட்டியது மட்டும்தான் நீங்கள். வாசித்தவர்கள் அவர்கள். நேரடியாக வாசிப்பதைப் பதிவு செய்ய அனுமதிப்பதும் மறுப்பதும் வாசிப்பவரின் உரிமை என்று நம் சட்டம் சொல்கிறது. கூட்டத்தில் நின்று எடுத்ததால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது.

தவிர, அந்தப் பதிவு பீட்டுக்குச் சரிப்படாது. பின்னால் ஒலிபெருக்கி, வேல் வேல் கோஷம், யாரோ பிள்ளையைத் தேடும் அறிவிப்பு, எல்லாம் ஒன்றாக ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது. செய்ய வேண்டியது இதுதான்: அந்தக் குழுவைக் கண்டுபிடியுங்கள், அது கஷ்டமே இல்லை, டி-சட்டையின் முதுகில் பெயர் எழுதியிருப்பார்கள். அரை நாள் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டுக் காசு கொடுத்து ஒவ்வொரு மேளத்துக்கும் தனி மைக் வைத்துப் பதிவு செய்வோம். உறுமியின் அந்த இழுவை இருக்கிறதே, குச்சி தோலில் உரசி ஏறும்போது வருவது, அதை நெருக்கத்தில் பிடித்து பேஸ் போல உபயோகித்துப் பாருங்கள். டிரம் மெஷினில் வரும் செயற்கை 808 பேஸுக்கு வேலையே இல்லை. அவர்கள் பெயரும் ஸ்பிளிட் ஷீட்டில் வரும்.

நீங்க பழைய குரூப்புல போட்ட பீட்டெல்லாம் இதுல வருமா?

வராது. வெளிவந்தவை எல்லோருக்கும் சேர்ந்த சொத்து. வெளிவராமல் ஹார்ட் டிஸ்கில் கிடப்பவற்றிலும் எது யாருடைய யோசனை என்று தாளில் இல்லை. என்னுடையது என்று நான் நினைப்பதில் வேறொருவர் விரல் பட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசுவதைவிட வெறும் திரையில் புதிதாகத் தொடங்குவது எனக்கு எளிது. டிரம் ஒலிகளைக்கூடப் புதிதாகத்தான் சேர்த்தேன்.

வீட்லயே பாடி அனுப்பலாமா? ஸ்டூடியோவுக்குக் காசு இல்ல.

அனுப்பலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். எதிரொலி சேர்க்கும் ரீவெர்ப், சுருதி திருத்தும் ஆட்டோடியூன் எதையும் கோப்போடு ஒட்டி அனுப்பாதீர்கள். உங்களுக்கு அந்த ஒலி பிடிக்கும் என்றால் மாதிரிக்கு இன்னொரு கோப்பு தனியாக அனுப்புங்கள். முதன்மைக் குரல், டபுள் (அதே வரியை மறுபடி பாடி அடுக்குவது), அட்லிப் (இடையில் போடும் சின்னக் குரல்கள்) மூன்றும் தனித்தனிக் கோப்பு, மூன்றும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் எது எங்கே உட்காரும் என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும், பரவாயில்லை. சாயங்கால மழை தகரக் கூரையில் அடித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அந்தச் சத்தத்தை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி பாடினால் அறையின் எதிரொலி பாதி குறையும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவோ எம்பி3 ஆகவோ வேண்டாம், கூகுள் டிரைவில் போடுங்கள். அப்புறம் கோப்பின் பெயர். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கன்ஃபர்ம் ஃபைனல்' என்று வந்தால் நான் எதைத் திறப்பது? உங்கள் பெயர், பாட்டின் பெயர், பீட்டின் வேகம், தேதி. அது போதும்.

ஆல்பத்துல என் பாட்டைவிட பக்கத்துப் பாட்டு சத்தமா கேக்குது. எனக்கு மட்டும் ஏன் குறைச்சுட்டீங்க?

முன்னோட்டம் கேட்டவர்கள் எல்லோரும் கேட்டது இது, ஒவ்வொருவரும் அடுத்தவர் பாட்டுதான் சத்தம் என்றார்கள். எல்லாப் பாட்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் மாஸ்டரிங் செய்வதற்குக் காரணமே அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யத்தான். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவீடு) அளவுக்குக் கொண்டுவரும். நசுக்கி நசுக்கிச் சத்தம் ஏற்றினால் அங்கே போய் அது குறைக்கப்படும், நசுங்கிய டிரம் மட்டும் மிச்சம். குரல் நெரிசலான பீட்டில் இருந்தால் சின்னதாகத் தோன்றும். அது பீட்டில் இடம் விடாத என் வேலை, அதைச் சரிசெய்கிறேன்.

கெட்ட வார்த்தை இருந்தா தூக்கிடுவீங்களா?

கதைக்குத் தேவை என்றால் இருக்கட்டும். தளங்களில் 'எக்ஸ்ப்ளிசிட்' குறி போட்டு ஏற்றுவோம், மின்னல் எஃப்.எம்., ராகா போன்ற வானொலிகளுக்குச் சுத்தம் செய்த இன்னொரு பதிப்பு கொடுப்போம். அதற்கு நீங்கள் அதே நாளில் மாற்று வரி பாடித் தர வேண்டும். 'பீப்' போட்டு மறைத்த பாட்டு கேட்கச் சகிக்காது.

இனம், மதம், அரச குடும்பம் இந்த மூன்றிலும் வம்பு வளர்க்கும் வரிகளை எடுக்க மாட்டேன். இணையத்தில் ஏற்றுவதற்கு 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பிரிவு 233 இருக்கிறது, அது ராப்பர் லேபிள் என்று பார்க்காது. இன்னொன்று என் சொந்த ருசி: நிஜத்தில் பழைய பேப்பர் வாங்கும் வேனைக் கண்டாலே ஒதுங்கி நிற்கிறவர் பாட்டில் மட்டும் பாராங் கத்தி தூக்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வாழ்ந்ததை எழுதுங்கள். லோரி ஓட்டும் அப்பாவைப் பற்றி எழுதிய ஒரு தம்பியின் பாட்டுதான் இந்தத் தொகுப்பில் முதலில் வருகிறது.

மலாய், இங்கிலீஷ் கலந்து எழுதலாமா? இல்ல சுத்தத் தமிழ்தான் வேணுமா?

உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. பொயெட்டிக் எம்மோ என்ற ராப் குழு தொண்ணூறுகளிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம், கான்டனீஸ் என்று போட்ட ஊர் இது. ஒன்று மட்டும்: சென்னைப் பேச்சை நடிக்காதீர்கள், கேட்டதும் தெரிந்துவிடும்.

தம்பி, என் மகனுக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. அவன் கையெழுத்துப் போட்டாப் போதுமா?

போதாதும்மா. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் இங்கே பொதுவாகச் செல்லாது. பெற்றோர் உட்கார்ந்து படித்துப் பார்த்து, உங்கள் பெயரில்தான் எழுத வேண்டும். காசும் உங்கள் கணக்குக்கு வரும். அவனுக்கு 18 ஆனதும் அவன் கையெழுத்தோடு மறுபடி எழுதிக்கொள்வோம். பதிவை நவம்பர், டிசம்பர் பள்ளி நெருக்கடியில் வைக்க மாட்டோம், பரீட்சை முடியட்டும்.

எம்.ஏ.சி.பி., பி.பி.எம்., ஆர்.பி.எம். எல்லாத்துலயும் சேரணுமா? தலை சுத்துது.

மறுபடியும் அந்த இரண்டு சொத்துதான். வரி எழுதியவர்கள், இசையமைத்தவர்களுக்கு எம்.ஏ.சி.பி.; வானொலி, உணவகம், மேடை என்று பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து வசூலித்துத் தரும் அமைப்பு, 1989 முதல் இருக்கிறது. பதிவை வைத்திருக்கும் லேபிள்களுக்கு பி.பி.எம்., அது என் தலைவலி. பாடியவர், வாசித்தவர்களுக்கு ஆர்.பி.எம். உங்கள் வரியை நீங்களே எழுதிப் பாடினால் முதலாவதும் மூன்றாவதும் உங்களுக்கு. முதலில் எம்.ஏ.சி.பி.யில் சேருங்கள், ஸ்பிளிட் ஷீட்டில் உள்ள அதே விழுக்காட்டை அங்கே பதியுங்கள். இரண்டு பேர் சேர்ந்து 120 விழுக்காடு பதிந்தால் காசு யாருக்கும் வராமல் நடுவில் நிற்கும்.

இதெல்லாம் காசு வசூலிக்க. உரிமைக்குச் சான்று வேண்டுமென்றால் மைஐப்போவில் படைப்பைத் தானாக முன்வந்து அறிவிக்கும் வசதி 2012 முதல் இருக்கிறது. கட்டாயமில்லை, பதிப்புரிமை வரியை எழுதிய உடனே, ஒலிப்பதிவு செய்த உடனே பிறந்துவிடும். சண்டை வரும் அளவுக்குப் பாட்டு ஓடும் என்று நம்பிக்கை இருந்தால் செய்து வையுங்கள்.

இந்தப் பாட்டை அப்புறம் என் சொந்த ஆல்பத்துலயும் போடலாமா?

போடலாம். லேபிள் உங்களிடம் வாங்குவது உரிமம், சொத்தை அல்ல. முதல் இரண்டு ஆண்டு இந்தப் பதிவை வெளியிடும் உரிமை எங்களுக்கு மட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம். அதற்கு முன்பே வேண்டுமென்றால் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வேன்.

போடும்போது அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் கொடுங்கள். அது ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள 12 எழுத்து எண், பாட்டின் ஐ.சி. மாதிரி. அதே எண், அதே ஒலி என்றால் இதுவரை ஓடிய கணக்கு தொடரும். புது எண் கொடுத்தால் பூஜ்யத்திலிருந்து. ரீமிக்ஸ், வானொலிப் பதிப்பு போன்றவைக்கு மட்டும் புது எண்.

அமெரிக்காவுல 30 விழுக்காடு வெட்டுறாங்களாமே, அதையும் எங்க தலையிலயா கட்டுவீங்க?

அமெரிக்கக் கேட்பாளர்களிடமிருந்து வரும் ராயல்ட்டியில் மட்டும் அந்த நாட்டு வரி பிடிக்கப்படும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் இல்லை, அதனால் முழு 30. விநியோகத் தளம் பிடித்துக்கொண்டுதான் எங்களுக்கு அனுப்பும், அந்த நஷ்டம் இரண்டு பாதிக்கும் சமம். மலேசியா, இந்தியா, சிங்கப்பூரிலிருந்து வருவதில் அது இல்லை. நம் கேட்பாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

வெளியீட்டு விழாவுக்கு சென்னையிலேர்ந்து ஒரு ராப்பரைக் கூப்பிடலாம்ல? கூட்டம் வரும்.

வரும், செலவும் வரும். வெளிநாட்டுக் கலைஞர் இங்கே மேடையேற, அதற்கென்றே இருக்கும் அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதி வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி வரும் நண்பருக்கும் அதே விதி. முதல் விழாவுக்கு வேண்டாம். உள்ளூர்க் கலைஞர்கள், சின்ன மண்டபம், மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமம் உள்ள இடம், நல்ல ஒலியமைப்பு. அந்தக் காசை உறுமிக் குழுவுக்குக் கொடுத்தால் அவர்கள் உள்ளே நுழையும்போதே கூட்டம் எழுந்துவிடும்.

ஒரு பாட்டுல மூணு பேரு. ஒருத்தன் கோவிச்சுக்கிட்டு 'என் வெர்ஸை எடு'ங்கிறான். என்ன பண்ணுவீங்க?

வெளிவரும் முன் என்றால் எடுத்துவிடுவேன். மனமில்லாதவன் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் வரிகளை இன்னொருவர் பாடவும் கூடாது, அது அவன் எழுதியது. பீட் என்னுடையது, புது ஆளுக்குப் புது வரி, புதுத் தாள்.

வெளிவந்த பிறகு என்றால் அவன் கையெழுத்திட்ட உரிமம் இருக்கும் வரை பாட்டு நிற்கும், அவன் பங்கும் அவனுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். பெயரையும் நீக்க மாட்டேன். தன் படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம் தரும் தனி உரிமை, கோபத்தில் கூடப் பாடிய மற்றவர்கள் சொன்னார்கள் என்று நான் அழிக்க முடியாது. ஆறு மாதம் போகட்டும். பாதிக் கோபம் காதலி விஷயமாக இருக்கிறது, பாட்டு விஷயமாக இல்லை.

நாளைக்கு உங்க லேபிள் மூடிட்டா என் பாட்டு என்ன ஆகும்?

கேட்கத் தயங்கிக் கேட்டார்கள், ஆனால் சரியான கேள்வி. ஒப்பந்தத்தில் இதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது. வணிகப் பதிவைப் புதுப்பிக்காமல் லேபிளை மூடினாலோ, 12 மாதம் கணக்கு காட்டாவிட்டாலோ உரிமம் தானாக முடிந்துவிடும். நீங்கள் வந்து நிற்கக்கூட வேண்டாம். விநியோகக் கணக்குக்குச் சந்தா கட்டாமல் விட்டால் சில தளங்களில் பாட்டு இறங்கிவிடும், அதனால் மூடும் முன் 60 நாள் அறிவிப்பு தருவதாகவும் எழுதியிருக்கிறேன்.

அதைவிட முக்கியம், வெளியீட்டு நாளன்றே ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை கொடுத்துவிடுவேன்: மாஸ்டர் வேவ், வானொலிப் பதிப்பு, குரல் இல்லாத பீட், ஐ.எஸ்.ஆர்.சி. எண், கையெழுத்திட்ட ஸ்பிளிட் ஷீட்டின் நகல். நான் காணாமல் போனாலும் அதை வைத்து வேறு தளத்தில் அதே எண்ணோடு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். போனில் மட்டும் வைக்காதீர்கள், அடுத்த மாதமே போனை மாற்றிவிட்டு என்னிடம் வந்து நிற்பீர்கள்.